மண்டியிட்டுப் பார்த்த மஞ்சள்

ஒரே காலையில் நூற்றுப் பன்னிரண்டு தட்டுகளை உடைத்தார்கள். அவற்றில் ஒன்றில்கூடக் குறை இல்லை. விளிம்பு கோணியிருந்தால், மெருகில் புள்ளி விழுந்திருந்தால், நானே சுத்தியலை எடுத்திருப்பேன். எங்கள் பீங்கான் நகரமான ஜிங்டெஜெனின் அரசுச் சூளைக்காரன் குறையுள்ள தட்டை உடைக்க அழமாட்டான். உடைத்து, குழியில் போட்டு, மேலே மண்ணை மிதித்துவிட்டுச் சோறு சாப்பிடப் போய்விடுவான். பேரரசரின் மஞ்சள் நிறத் தட்டு வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்பது சட்டம். அது எங்களுக்குப் பழகிப்போனது. ஆனால் சரியாக வந்த தட்டை, சரியாக வந்த குற்றத்துக்காக உடைப்பதை அன்றுதான் பார்த்தேன். 

என் பெயர் பெய் தலியாங். மஞ்சளைச் சுடும் சின்னச் சூளை என் பொறுப்பு. மஞ்சளைக் கலப்பவன் லுவோ ஆன், என் தங்கை யுன்நியாங்கின் கணவன். அவன் கலப்பான், நான் சுடுவேன். பதினாறு வருடமாக இப்படித்தான்.

இந்த மஞ்சள் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் நடந்த அநியாயத்தின் அளவு புரியும். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது வெள்ளைத் தட்டு. வெள்ளைக் களிமண்ணை வனைந்து, காய்ந்ததும் கத்தியால் சீவி, அடியில் ஆட்சிப் பெயரை நீலத்தில் ஆறு எழுத்தாக எழுதி, மெருகு பூசி, பெரிய சூளையில் பைன் விறகைத் தள்ளிச் சுடுவார்கள். விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும் தட்டு கிடைக்கும். மஞ்சளோ அந்தப் பெரிய நெருப்பைத் தாங்காது. அதனால் அதை வெள்ளைத் தட்டின் மேல் ஊற்றி, இன்னொரு முறை, இளம் நெருப்பில் சுட வேண்டும். அதுதான் என் வேலை.

கலவையில் மூன்றே பொருள்கள். ஈயப் பொடி, வெள்ளைக்கல் மாவு, கொஞ்சம் காவிக்கல். ஈயம் சீக்கிரம் உருகும். தான் உருகும்போது பக்கத்திலிருக்கும் வெள்ளைக்கல்லையும் இழுத்து உருக்கிவிடும். இரண்டும் சேர்ந்து கண்ணாடியாகும். காவிக்கல்லில் இருக்கும் இரும்பு அந்தக் கண்ணாடிக்குள் கரைந்து மஞ்சளாக நிற்கும். நூறு பங்குக்கு மூன்று பங்கும் கொஞ்சமும்தான் இரும்பு. ஐந்தானால் தேன் நிறமாகிவிடும். இரண்டானால் கழுநீர் நிறம். வேடிக்கை என்னவென்றால், சுடுவதற்கு முன் அந்தக் கலவை செங்கல் கரைத்த தண்ணீர்போல இருக்கும். அதில் மஞ்சளே தெரியாது. லுவோ ஆன் அந்தச் செங்கல் தண்ணீரைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்து, "இன்னும் ஒரு சிட்டிகை" என்பான். எதைப் பார்த்துச் சொல்கிறான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தவறியதில்லை.

என் சூளை ஒன்றுக்குள் ஒன்று வைத்த இரண்டு சாடிகள் மாதிரி. உள்சாடியில் தட்டுகள், இரண்டுக்கும் நடுவில் கரி. உள்ளே புகை போனால் ஈயம் கறுத்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஓட்டை போட்ட வெள்ளைச் சில்லுகளில் அதே மஞ்சளைப் பூசித் தட்டுகளோடு வைப்பேன். நேரம் பார்த்து இரும்புக் கொக்கியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்ப்பேன். அந்தச் சோதனைச் சில்லுகள் ஆலைச் சுவரைத் தாண்டக் கூடாது. என் கொட்டகையில் ஒரு கூடை நிறையக் கிடக்கும்.

கடைசியாக, மாதிரித் தட்டு. இந்த நிறம்தான் வேண்டும் என்று காட்ட அரண்மனையிலிருந்து ஒரு மஞ்சள் தட்டு வந்திருந்தது. பட்டுச் சுற்றி, பெட்டிக்குள் பூட்டி, ஆலையை மேற்பார்க்க அரண்மனை அனுப்பும் கண்காணிப்பாளரின் மாளிகையில் இருக்கும். சோதனை நாளில் முற்றத்தில் ஒரு பீடத்தின் மேல் அதை வைத்து, பக்கத்தில் எங்கள் புதுத் தட்டை வைப்பார்கள். கண்காணிப்பாளர் மட்டும் நின்று, குனிந்து, மேலிருந்து பார்ப்பார். நாங்கள் மூன்று எட்டுத் தள்ளி மண்டியிட்டிருப்போம். மாதிரியைத் தொடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். நான்கு வருடமாக அதே மாதிரி, அதே கலவை, ஒரு பேச்சும் வந்ததில்லை.

அந்த வசந்தத்தில் ஷான் என்ற புதுக் கண்காணிப்பாளர் வந்தார். அரண்மனைக்குள் வளர்ந்தவர், பிறந்தது வடக்கே ஷான்ஸியில். அந்த ஊர்க்காரர்களுக்கு, தானியத்தைப் புளிக்கவைத்து எடுக்கும் காடி இல்லாமல் சோறு இறங்காது. படகில் அவரோடு நான்கு பெரிய சாடிகளில் கருங்காடி வந்து இறங்கியது. எங்கள் ஊர் அரிசிக் காடியை முகர்ந்து பார்த்து, இது மழைத்தண்ணீர் என்று கீழே ஊற்றச் சொன்னாராம். மீனுக்குக் காடி, கீரைக்குக் காடி, மாவுருண்டைக்குக் காடி. ஒரே வாரத்தில் ஆலை முழுக்க அவருக்குக் காடிச்சாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் சோதனை ஐந்தாம் மாத மழையில் நடந்தது. எண்ணெய்த்தாள் பந்தலுக்கு அடியில், மங்கிய வெளிச்சத்தில் ஷான் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுடையது பளபளவென்று கண்ணை அடிக்கிறது, மாதிரி பட்டுப்போல அடங்கி இருக்கிறது என்றார். லுவோ ஆன் தலையை நிமிர்த்தாமல், போன வருடத்துக் கலவையேதான் ஐயா என்றான். அப்படியானால் போன வருடத்திலிருந்தே ஏமாற்றுகிறாய் என்று பதில் வந்தது. அன்றுதான் அந்த நூற்றுப் பன்னிரண்டும் உடைந்தன. உடைக்கிறவனுக்கே மனம் வரவில்லை. முதல் தட்டை மெதுவாகத் தட்டினான், அது உடையாமல் மணியடித்தது.

அடுத்த தவணைக்கு நிறத்தை அடக்கச் சொல்லி உத்தரவு. இரும்பைக் குறைத்தால் நிறம் வெளுக்குமே தவிர பளபளப்பு அடங்காது. பளபளப்பு ஈயக் கண்ணாடியினுடையது. அது அடங்க வேண்டுமென்றால் நெருப்பை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மஞ்சள் தட்டில் முழுதாக ஒட்டாது. இதையெல்லாம் நான் எழுத்தர் வென்னிடம் சொல்லி அனுப்பினேன். ஷானின் பதிவேட்டை எழுதுகிறவர் அவர், நல்ல மனிதர்தான். திரும்பி வந்து, "சூளைக்காரனுக்கு வாய் வேணாம், கை போதும்னு சொல்லிட்டாரு" என்றார். சொன்னபடியே செய்தோம். தட்டுகள் சொறி பிடித்த தோல்போல உரிந்து வந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக என் சூளையைத் திறக்க வெட்கப்பட்டேன்.

இரண்டாம் சோதனையன்று மழை விட்டிருந்தது. காலை வெயில் முற்றத்தில் சாய்வாக விழுந்தது. ஷான் உரிந்த தட்டைக் காலால் தள்ளிவிட்டு, வென்னைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னார். பத்து நாளில் மூன்றாவது தவணை வர வேண்டும். அதுவும் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்றால், பேரரசரை அவமதித்த குற்றத்துக்கு லுவோ ஆனுக்கு நாற்பது தடியடி. பிழைத்தால் வடமேற்கு எல்லைப் படையில் சாகும்வரை ஊழியம்.

லுவோ ஆன் நெற்றியைத் தரையில் வைத்திருந்தான். குற்றவாளி அப்படித்தான் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்படாத நான் வரிசைக் கடைசியில் மண்டியிட்டிருந்தேன். பீடம் என் மார்பு உயரம். மாதிரித் தட்டின் உள்பக்கம் என் கண்ணுக்கு நேராக, கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் தெரிந்தது. சாய்ந்த வெயில் அதன் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது.

மேலிருந்து பார்த்தால் நிறம்தான் தெரியும். பக்கவாட்டில் தாழ்ந்து பார்த்தால் நிறம் மறைந்து மினுமினுப்பு மட்டும் தெரியும். குளத்துத் தண்ணீரைக் கரையில் குந்திப் பார்த்தால் ஆழம் தெரியாமல் வானம் தெரிவது மாதிரி. மாதிரியின் விளிம்பைச் சுற்றி மினுமினுப்பு அப்படியே இருந்தது, எங்கள் தட்டுபோலவே. நடுவில் மட்டும் செத்திருந்தது. செத்த இடத்துக்கும் உயிருள்ள இடத்துக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு.

அந்தக் கோடு ஒரு பக்கம் விரல் அகலம் ஏறியும் எதிர்ப்பக்கம் இறங்கியும் இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் சூளைக்குள் தட்டு வைக்கும் தளத்தைத் தண்ணீர் ஊற்றிச் சமம் பார்க்கிறவன். நெருப்பு செய்த குறை இப்படிச் சாயாது. இது ஏதோ ஒரு திரவம், சாய்வான மேசையில் வைத்த தட்டில் தேங்கி நின்ற கோடு. மாளிகையின் தரை குன்றின் பக்கம் சரிந்திருப்பது ஊருக்கே தெரியும். கூரை மாற்றப் போனவன், மேசையில் வைத்த ஆரஞ்சு தானாக உருண்டு வாசலுக்கு வந்த கதையை இன்னும் சொல்லிச் சிரிப்பான்.

ஈயக் கண்ணாடிக்கு ஒரே ஒரு எதிரிதான். புளிப்பு. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, எண்ணெய் ஒன்றும் செய்யாது. புளித்தது பட்டு நின்றால் மேல்தோலிலிருந்து ஈயத்தை நக்கி எடுத்துவிடும். பளபளப்பு போய், சாம்பல் பூத்ததுபோல மங்கும்.

மண்டியிட்டபடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த மனிதர் பேரரசரின் தட்டில் காடி ஊற்றிய மீன் தின்றிருக்கிறார். ஒரு நாள் அல்ல, பல நாள். பேரரசரைப்போலச் சாப்பிட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரலாம், அதை நான் குறை சொல்லவில்லை. தின்றுவிட்டு, தான் கெடுத்த தட்டைக் கொண்டுவந்து பீடத்தில் வைத்து, கெடாத தட்டைச் செய்தவனை அடிக்கச் சொல்கிறாரே, அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் நான் சொன்னதைக் கேட்டு லுவோ ஆன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு, "மச்சான், இத மறந்துரு" என்றான். "அவரு தின்னாருன்னு நீ சொன்னா, பார்த்தியான்னு கேப்பாங்க. பாக்கல. அப்ப நாக்க அறுப்பாங்க. எனக்கு நாப்பது அடி, உனக்கு நாக்கு. யுன்நியாங் யாருக்குக் கஞ்சி ஊத்துவா?"

என் தங்கை உப்புக்கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பேரும் அவரு வாயப் பத்தியே பேசுறீங்க. தட்டப் பத்திப் பேசுங்க. அந்த மாதிரி வேணும்னுதான கேக்குறாரு? அது எப்படிச் செய்யறதுன்னு உனக்குத் தெரியும்ல, அண்ணே?"

"தெரியும்."

"அப்ப செஞ்சு காட்டி, இப்படிச் செய்யட்டுமான்னு உத்தரவு கேளு. உத்தரவு கேக்கறது குத்தமா?"

லுவோ ஆன் அவளையே பார்த்தான். "உன்னக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் பயந்து வாழ்ந்தது நியாயம்தான்" என்றான். அன்று அவன் சொன்ன ஒரே சிரிப்புப் பேச்சு அது.

மறுநாள் கொட்டகையில், கூடையிலிருந்து நன்றாக வந்த ஒரு சோதனைச் சில்லை எடுத்தேன். ஒரு கிண்ணத்தில் எங்கள் ஊர் மழைத்தண்ணீர்க் காடியை ஊற்றி, சில்லின் பாதி மட்டும் மூழ்கும்படி வைத்தேன். ஷானின் கருங்காடியைவிட இது மெலிவு என்பதால் தினமும் மாற்றினேன். இரண்டாம் நாள் ஈரம் துடைத்தபோது ஒரு மூட்டம் தெரிந்தது. ஆறாம் நாள் மூழ்கிய பாதி, மாதிரியின் நடுப்பகுதிபோலவே செத்துவிட்டது, நடுவில் அதே கத்திக் கோடு. என் கோபத்துக்கு நடுவிலும் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஏன் நடக்கிறது என்று தெரிந்து, நீங்களே அதை நடத்திக் காட்டும்போது வரும் சுகம் தனி.

மூன்றாவது தவணையை லுவோ ஆன் பழைய கலவையிலேயே கலந்தான். நான் பழைய நெருப்பிலேயே சுட்டேன். சூளையின் மண் அடைப்பை உடைத்துத் திறந்தபோது உள்ளே நூறு தட்டுகளும் முட்டையின் மஞ்சள் கருவை ஊற்றி உறையவைத்தது மாதிரி இருந்தன. அவன் ஒன்றைக் கையில் எடுத்து, தன் மூச்சுக்காற்று படாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

பத்தாம் நாள் முற்றத்தில் தடிக்காரர்கள் இரண்டு பேர் முன்கூட்டியே நின்றார்கள். ஷான் குனிந்து பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் நான் மண்டியிட்டபடியே சில்லை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி நீட்டினேன்.

"ஐயா, ஒரு உத்தரவு வேணும்."

வென்தான் வந்து சில்லை வாங்கிப் பீடத்தில், மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தார். ஷான் பார்த்தார். செத்த பாதியும் மாதிரியின் நடுவும் அண்ணன் தம்பிபோல இருந்தன.

"இதுதான். இதே நிறம்தான்" என்றார் ஷான். குரலில் மகிழ்ச்சிகூட இருந்தது. "பத்து நாளா இத எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"ஒளிக்கலைங்க. இப்பத்தான் வழி கண்டுபிடிச்சோம். வழக்கம்போலச் சுட்டுட்டு, அப்புறம் காடியில ஊறப் போடணும். ஆறு நாள். நல்ல கருங்காடியா இருந்தா மூணே நாள் போதும். மாதிரித் தட்டும் அப்படித்தான் ஆகியிருக்கு. நூறு தட்டையும் காடியில போடச் சொல்லி உத்தரவு குடுத்தா போட்டுடறோம்."

காடி என்ற சொல்லைக் கேட்டதும் தடிக்காரன் ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஷானின் முகம் முதலில் சிவந்து, பிறகு எங்கள் வெள்ளைத் தட்டு மாதிரி ஆனது. ஆமாம் என்றால் அது பதிவேட்டில் ஏறி அரண்மனைக்குப் போகும்; பேரரசரின் மாதிரியில் காடி எங்கிருந்து வந்தது என்று அங்கே கேட்பார்கள். இல்லை என்றால், அதே சில்லை இதேதான் என்று இப்போதுதான் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வென் தூரிகையை மையில் தோய்த்தார். அவர் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. முகம் பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது.

"காடின்னு எழுதட்டுங்களா, ஐயா?"

"எழுதாத" என்றார் ஷான்.

பிறகு வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார். பீடத்தை நிழலுக்கு மாற்றச் சொன்னார். நிழலில் பார்த்து, இப்போது ஒத்துப்போகிறது என்றார். நூறு தட்டும் தேறிவிட்டன. நாற்பது அடியும் எல்லைப் படையும் ரத்து. லுவோ ஆனின் தோள் தளர்ந்ததை அவன் சட்டைக்கு மேலாகவே பார்த்தேன். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு கோபமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஷான் மாதிரித் தட்டையும், இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி எங்கள் தட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு தனியே உள்ளே போனார். உள்ளே ஏதோ உடையும் சத்தம். வெளியே வந்தபோது கையில் பூட்டிய மாதிரிப் பெட்டி இருந்தது. புதுத் தட்டு கைநழுவிவிட்டது என்றார். மெருகு அளவுக்கு மீறி வழுக்குகிறது, அது கலந்தவனின் அலட்சியம், பத்து அடி என்று எழுதச் சொன்னார். இதை வென் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது.

உடைந்த தட்டின் துண்டுகளைத் துணியில் கட்டிப் புதைக்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். குழியருகே அவிழ்த்துப் பார்த்தேன். விளிம்புத் துண்டுகள் மின்னின. நடுத்துண்டுகள் செத்திருந்தன, சாய்ந்த கோடும் அப்படியே இருந்தது. உடைந்தது பேரரசரின் மாதிரி. பெட்டிக்குள் பட்டுச் சுற்றிப் படுத்திருந்தது லுவோ ஆனின் தட்டு. தான் செய்த தட்டு பத்திரமாக இருப்பதற்காக அவன் அந்த நேரத்தில் முற்றத்தில் குப்புறக் கிடந்து அடி வாங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியும் குழிவரை கேட்டது. பத்துவரை எண்ணிவிட்டு மண்ணைத் தள்ளினேன்.

யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், அந்தப் பெட்டியில் இருப்பது போலி மாதிரி என்று ஆகும். போலியைச் செய்தது யார் என்று கேட்டால், லுவோ ஆன் என்றுதான் பதில். எந்தப் பக்கம் திரும்பினாலும் தடி எங்கள் முதுகுக்குத்தான் வழி வைத்திருந்தது. யுன்நியாங் இருபது நாள் அவனுக்கு மருந்திலை அரைத்துக் கட்டினாள். அந்த இருபது நாளும் அவள் வீட்டில் காடி புழங்கவில்லை.

மறு வசந்தத்தில் ஷானை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் மெலிந்தவர், காது மந்தம், பொருளை ரசிக்கத் தெரிந்தவர். முதல் சோதனையன்று பெட்டியைத் திறந்து பட்டுத்துணியை விலக்கியவர், அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். அவர் வரிசையின் பக்கம் திரும்பியபோது லுவோ ஆன் இடது முழங்காலைத் தாமதமாக மடக்கி மண்டியிட்டுக்கொண்டிருந்தான். அடிக்குப் பிறகு அந்தக் கால் அப்படித்தான்.

"பாத்தீங்களாடா? இது அந்தக் காலத்துக் கை" என்றார். "இப்ப இருக்கற உங்களுக்கெல்லாம் இது வருமா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். லுவோ ஆன் தன் தட்டை மூன்று எட்டுத் தள்ளியிருந்து, தலையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பார்த்தான்.

"வராதுங்கய்யா" என்றான், அவர் காதுக்கு எட்டும்படி உரக்க. "ஆனா கிட்டத்துல கொண்டு வந்துருவோம்."